அடைக்கலப் பட்டணம் பாடம் நடத்தினேன், ஒரு பையன் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை

பனங்காட்டு டீச்சர்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாலு வருஷமாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். டீச்சர் வேலை பார்த்தவளுக்குச் சுருக்கிச் சொல்ல வராது.

எங்கள் சபை தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டு ஓரம். 110 குடும்பம். ஞாயிறு பள்ளியில் நடுப்பிரிவு 19 வருஷமாக என் பொறுப்பு. இந்த மே மாத வி.பி.எஸ்.ஸுக்கு (விடுமுறை வேதாகமப் பள்ளி) யோசுவா 20ஆம் அதிகாரத்தை எடுத்தேன். கைப்பிசகாய் ஒருவனைக் கொன்றவன், பழிவாங்க வருகிறவனுக்குத் தப்பி ஓடிப்போய்ச் சேருகிற ஆறு அடைக்கலப் பட்டணங்களைப் பற்றியது. பிள்ளைகளுக்குப் பிடித்த பாடம். துரத்தல் இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது. கரும்பலகையில் யோர்தானை நீலச் சாக்பீஸால் மேலிருந்து கீழே இழுத்து, மேற்கே கேதேஸ், சீகேம், எபிரோன், கிழக்கே கோலான், ராமோத், பேசேர் என்று ஆறு புள்ளி வைத்தேன். பிறகு உபாகமம் 19இல் வரும் கோடரிக் கதை. இரண்டு பேர் மரம் வெட்டக் காட்டுக்குப் போகிறார்கள். ஓங்கும்போது இரும்பு காம்பைவிட்டுக் கழன்று மற்றவன்மேல் பட்டு அவன் செத்துப்போகிறான். இவனுக்கு அவன்மேல் ஒரு பகையும் கிடையாது. ஆனால் செத்தவனுடைய சொந்தக்காரன் சும்மா இருப்பானா? "ஓடு! எந்த ஊருக்கு ஓடுவ?" என்று பிள்ளைகளை வகுப்புக்குள்ளேயே ஓடவிட்டேன். பெஞ்சு எல்லாம் இடம் மாறிப்போனது.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஒரு பையன், ஏழாம் வகுப்பு, கோயிலுக்கு அடுத்த வீடு, கையைத் தூக்கினான்.

"டீச்சர், நம்ம கோயிலும் அடைக்கலப் பட்டணந்தானா?"

"ஆமாப்பா" என்றேன், யோசிக்காமல்.

"அப்போ அந்தக் கைப்பிள்ளைக்கார அக்காவ ஏன் வேன்ல ஏத்திவிட்டோம்?"

பாட்டு ஒன்றைப் பாடவைத்து மணியடித்துவிட்டேன். இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்கள்) ஒரு வியாழக்கிழமை ராத்திரி, கோயில் வராந்தாவில் ஒரு புருஷன், மனைவி, ஒன்றரை வயதுப் பிள்ளை வந்து படுத்திருந்தார்கள். ஆற்றுப் பக்கம் உள்ள ஒரு செங்கல் சூளையிலிருந்து இருட்டோடு நடந்தே வந்திருக்கிறார்கள். வட மாவட்டத்துப் பேச்சு. 40,000 ரூபாய் முன்பணம் வாங்கிக் கல் அறுக்க வந்தார்களாம். மூன்று மாசம் அறுத்த பிறகு கணக்குப் பார்த்தால் கடன் 46,000 ஆகியிருக்கிறதாம். பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லையாம். எல்லாவற்றுக்கும் "ஆம்" போட்டு எழுதுகிறேன், ஏனென்றால் நாங்கள் யாரும் அதை விசாரிக்கவே இல்லை.

காலையில் நான் இட்லியும் பிள்ளைக்குப் பாலும் கொண்டுபோனேன். அதற்குள் கமிட்டியில் ஒருவர் சூளைக்காரருக்குப் போன் போட்டுவிட்டார். அந்தச் சூளைக்காரர் எங்களுக்கு அந்நியர் இல்லை. கோயில் காம்பவுண்டுச் சுவருக்கு இரண்டு லாரி செங்கல் சும்மா கொடுத்தவர். எட்டரை மணிக்கு வேன் வந்தது. யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "வாங்க, போகலாம்" என்றார் மேஸ்திரி, கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி. அந்தப் பெண் பால் தம்ளரை அடிபம்பில் கழுவி, ஒருமுறை உதறி, என் கையில் தந்துவிட்டு ஏறினாள். "பார்த்துப் போம்மா" என்றேன். அன்றைக்கு நான் சொன்னது மொத்தம் அவ்வளவுதான்.

பிறகு கமிட்டியில் பேச்சு வந்தபோது மூன்று காரணம் சொன்னார்கள். ஒன்று, அடைக்கலப் பட்டணம் கைப்பிசகாய்க் கொலை செய்தவனுக்கு மட்டும்தான், கடன்காரனுக்கு இல்லை. இரண்டு, பவுலே ஓடிவந்த அடிமை ஒநேசிமுவை எஜமான் பிலேமோனிடம் திருப்பி அனுப்பினார். மூன்று, எஜமானி சாராயிடமிருந்து ஓடிப்போன வேலைக்காரி ஆகாரைத் தூதனே "உன் நாச்சியாரிடத்துக்குத் திரும்பிப் போ" என்றான். மூன்றும் வேதத்தில் உள்ளதுதான், அதனால் என்னால் வாய் திறக்க முடியவில்லை.

வருகிற ஞாயிறு அந்தப் பையன் முன்னால் நிற்கவேண்டும். அவனுக்கு என்ன சொல்லட்டும்?

திண்ணைப் பிரசங்கி:

டீச்சரம்மா, உங்கள் கமிட்டியார் வேதத்தை வாசித்திருக்கிறார்கள், ஆனால் மூன்றையும் பாதியில் மூடிவைத்திருக்கிறார்கள். நான் ஓய்வுபெற்ற குருவானவன். பாதியில் மூடுகிற அந்த வித்தை எனக்கும் தெரியும், மணி பார்த்துப் பிரசங்கம் பண்ணின நாட்களில் நிறையச் செய்திருக்கிறேன்.

முதலில் அடைக்கலப் பட்டணம். அது கைப்பிசகாய்க் கொன்றவனுக்குத்தான், அதில் வாதம் இல்லை. ஆனால் யோசுவா 20இல் 4ஆம் வசனத்தையும் 6ஆம் வசனத்தையும் வரிசையோடு வாசியுங்கள். ஓடிவந்தவன் ஒலிமுகவாசலில், அதாவது பட்டணத்து வாசலில், நிற்கவேண்டும். மூப்பர் காதுகேட்கத் தன் காரியத்தைச் சொல்லவேண்டும். அவர்கள் அவனை உள்ளே சேர்த்துக்கொண்டு இருக்க இடம் கொடுக்கவேண்டும். சபைக்கு முன்னால் நியாயம் விசாரிப்பது அதற்கு அப்புறம். முதலில் உள்ளே, பிறகு தீர்ப்பு. உங்கள் ஊரில் உள்ளே விடவும் இல்லை, விசாரிக்கவும் இல்லை, தீர்ப்பு மட்டும் எட்டரை மணிக்கு வேனில் வந்துவிட்டது.

இன்னொன்று. அடைக்கலம் என்றால் மன்னிப்பு என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். அது தப்பு. வேண்டுமென்றே கொன்றவன் பலிபீடத்தைப் பிடித்துக்கொண்டாலும் இழுத்துக்கொண்டு போ என்று யாத்திராகமம் 21 சொல்கிறது. தாவீதின் படைத்தலைவன் யோவாப் அப்படித்தான் பலிபீடத்தின் கொம்பைப் பிடித்துக்கொண்டே செத்தான். கொலைபாதகனிடம் மீட்கும்பொருள் வாங்கிக்கொண்டு விடவும் கூடாது (எண்ணாகமம் 35:31), அதாவது பணக்காரன் காசு கொடுத்துத் தப்பிக்கிற வழியையும் அடைத்துவிட்டார்கள். அரிவாளுக்கும் விசாரணைக்கும் நடுவே ஒரு மதில் எழுப்புவதுதான் அந்தச் சட்டத்தின் வேலை. எண்ணாகமம் 35:15இன்படி அந்த மதில் இஸ்ரவேலனுக்கு மட்டும் இல்லை, பரதேசிக்கும்தான்.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு சங்கதி தருகிறேன். கி.பி. 200 வாக்கில் தொகுத்த யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் மக்கோத் என்று ஒரு பகுதி உண்டு. ஓடுகிறவனை வழியில் பழிவாங்குகிறவன் மடக்கினால் பேசிப்பார்ப்பதற்காக, கற்றவர் இரண்டு பேரை அவனோடு கூட அனுப்புவார்களாம். பிரதான ஆசாரியர் மரித்தால்தான் ஓடிவந்தவன் சொந்த ஊருக்குத் திரும்பலாம் இல்லையா? ஆகவே பிரதான ஆசாரியரின் தாய்மார் இந்த அடைக்கலக்காரர்களுக்குச் சாப்பாடும் துணியும் கொடுத்துக்கொண்டே இருப்பார்களாம், தங்கள் பிள்ளை சீக்கிரம் சாகவேண்டும் என்று அவர்கள் ஜெபம் பண்ணிவிடாதபடிக்கு! இதைச் சொன்னால் எந்த வகுப்பும் சிரிக்கும். மிஷ்னாவுக்கு விளக்கமாகப் பின்னால் வந்த தல்முத்தில் இன்னும் ஒன்று: ஒரு மாணவன் அப்படி ஓடவேண்டி வந்தால் அவனுடைய ஆசிரியரும் கூடப் போகவேண்டுமாம். டீச்சருக்கு இது பிடிக்காது என்று தெரியும்.

இப்போது ஒநேசிமு. பிலேமோனுக்கு எழுதின நிருபம் மொத்தம் 25 வசனம், காபி ஆறுவதற்குள் வாசித்துவிடலாம். 16இல் "இனிமேல் அடிமையாக அல்ல, பிரியமுள்ள சகோதரனாக" ஏற்றுக்கொள் என்கிறார். 18இல் அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் "என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்கிறார். 19இல் நானே செலுத்தித் தீர்ப்பேன் என்று சொந்தக் கையால் எழுதிக் கொடுக்கிறார். 22இல், நான் தங்க ஓர் இடத்தை ஆயத்தம்பண்ணிவை என்கிறார். எனக்கு அது, வந்து பார்ப்பேன் என்று சொல்கிற மாதிரியே கேட்கிறது. உங்கள் கமிட்டியார் பவுலாக இருக்கவேண்டும் என்றால் அந்த 46,000 ரூபாயைக் கோயில் கணக்கில் எழுதிவிட்டு அனுப்பியிருக்கவேண்டும்.

ஆகார் கதை எனக்கே கஷ்டமான பகுதி, அதைச் சுலபமாகத் தீர்த்துவைக்க மாட்டேன். ஆனால் திரும்பிப் போ என்று சொன்னது அவளை வனாந்தரத்தில் தேடிப்போய், "எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய்" என்று முதலில் விசாரித்த தூதன். சாராய்க்குப் போன் போட்டவன் இல்லை.

கடைசியாக, உங்கள் காரியத்துக்கு நேரே பொருந்துகிற வசனத்தை யாருமே எடுக்கவில்லையே. உபாகமம் 23:15. "தன் எஜமானுக்குத் தப்பி உன்னிடத்தில் வந்த வேலைக்காரனை அவனுடைய எஜமான் கையில் ஒப்புக்கொடாயாக." அடுத்த வசனம், அவன் தனக்குப் பிடித்த ஊரில் உங்களோடே இருக்கட்டும், அவனை ஒடுக்காதே என்கிறது. அந்தக் காலத்தில் இது எவ்வளவு துணிச்சலான சட்டம் என்று தெரியவேண்டுமானால் பாபிலோனின் அமுராபி சட்டத்தைப் பாருங்கள். ஓடிவந்த அடிமையை வீட்டில் ஒளித்துவைத்தால் வீட்டுக்காரனுக்கு மரணம், பிடித்துக் கொடுத்தால் இரண்டு சேக்கல் வெள்ளி பரிசு. இரண்டு லாரி செங்கல் என்று நான் சொல்லவில்லை.

காம்பவுண்டுச் சுவர்:

ஐயா நன்றாக எழுதுகிறார், கமிட்டியில் உட்கார்ந்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். நான் 11 வருஷம் பொருளாளர். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருத்தன் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு அழுதபடி வந்தான், குடும்பத்தோடு ஊரைவிட்டு விரட்டிவிட்டார்கள் என்று. சபை ஹாலில் மூன்று நாள் தங்கவைத்தோம், வீட்டுக்கு வீடு முறைவைத்துச் சோறு போட்டோம். நாலாம் நாள் காலையில் ஆளையும் காணோம், ஆம்ப்ளிஃபயரையும் காணோம். ஸ்டேஷனுக்கு மூன்று தடவை அலைந்தது நான்தான். கட்டுக்குள்ளே காயம் இருந்ததோ என்னவோ, அவிழ்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

வேதத்திலும் இது உண்டு. பக்கத்திலேயே குடியிருந்த கிபியோனியர் பழைய செருப்பும் பூசணம் பூத்த அப்பமுமாக வந்து தூர தேசத்துக்காரர் என்று நடித்தார்கள். யோசுவா விசாரிக்காமல் உடன்படிக்கை பண்ணி ஏமாந்தார். ஆகவே யாரையும் நம்பக்கூடாது என்று சொல்லவில்லை, சபை போலீஸ் ஸ்டேஷன் இல்லை என்கிறேன். பெண்பிள்ளைகள் இருக்கிற காம்பவுண்டு. நாளைக்கு ஒன்று ஆனால் பதில் சொல்லவேண்டியது கமிட்டி.

திண்ணைப் பிரசங்கி:

தம்பி, ஆம்ப்ளிஃபயர் போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் கிபியோனையும் பாதியில் மூடிவிட்டீர்களே! ஏமாந்தது தெரிந்த பிறகும், ஆணையிட்டுக் கொடுத்தோமே என்று யோசுவா அவர்களை உயிரோடே விட்டார். விறகு வெட்டவும் தண்ணீர் மொள்ளவும் வைத்தார், அது பெருமைப்படுகிற விஷயம் இல்லை. ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே ஐந்து ராஜாக்கள் கிபியோனை வளைத்துக்கொண்டபோது கில்காலிலிருந்து ராத்திரி முழுக்க நடந்துபோய்க் காப்பாற்றினார். பல காலம் கழித்துச் சவுல் அந்தக் கிபியோனியரைக் கொன்றதற்காகத் தாவீதின் நாளில் மூன்று வருஷம் பஞ்சம் வந்ததாக 2 சாமுவேல் 21இல் இருக்கிறது. பொய் சொல்லி உள்ளே வந்தவனுக்குக் கொடுத்த வாக்குக்கே இந்தக் கதி.

விசாரிக்கவேண்டும் என்கிறீர்கள், நானும் அதையேதான் சொல்கிறேன். கட்டை அவிழ்த்துப் பார்த்திருக்கவேண்டும். துரத்துகிறவனைக் கூப்பிட்டு, "இவன் சொல்வது நிஜமா" என்று கேட்பது விசாரணை ஆகாது.

தாலுகா ஆபீஸ் தாத்தா:

வேத விளக்கம் எனக்கு அவ்வளவு தெரியாது, நான் சைவம். பேத்தி கான்வென்டில் படிக்கிறாள், அவள் பாடத்துக்கு ஏதோ தேடப்போய் இங்கே வந்து மாட்டிக்கொண்டேன். ஆனால் வருவாய்த் துறையில் 34 வருஷம் இருந்தவன், அதில் ஆறு வருஷம் கோட்டாட்சியர் அலுவலகத்தில். அம்மா எழுதினதை வாசித்ததும் கை அரிக்கிறது.

முன்பணம், மாதாமாதம் ஏறுகிற கடன், வெளியே விடாமை. இது மூன்றும் நிஜம் என்றால் அதற்குப் பெயர் கொத்தடிமை முறை. 1976ஆம் வருஷத்து கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்படி அந்தக் கடனே செல்லாது. திருப்பிக் கட்டவேண்டிய பொறுப்பு அவர்களுக்குக் கிடையாது. உள்ளதிலே எனக்குப் பிடித்தது 15ஆம் பிரிவு. இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொல்லிவிட்டால் போதும், அப்படி இல்லை என்று நிரூபிக்கவேண்டியது கடன் கொடுத்தவர். சாதாரண வழக்கில் சுமை எந்தப் பக்கம் இருக்குமோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் தூக்கிவைத்திருக்கிறார்கள். குற்றம் நிரூபணமானால் மூன்று வருஷம் வரை சிறை.

கட்டிப்போட்டு அடித்தால்தான் கொத்தடிமை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினாலே அது அரசியல் சட்டம் 23ஆம் பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்பு என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கு அது. "வாங்க, போகலாம்" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன் அம்மா. அவர்களிடம் ஒரு கணக்கு நோட்டு இருக்கும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று ஒரு பத்தி, மழையில் கரைந்த கல் என்று ஒரு பத்தி, அரிசி, மருந்து என்று ஒரு பத்தி. கூட்டல் எல்லாம் சரியாகவே இருக்கும். தொழிலாளியின் கைநாட்டுக்கு மட்டும் ஒரே நாளில் போட்ட மாதிரி மை ஒரே நிறத்தில் இருக்கும்.

செய்யவேண்டியது இது. கோட்டாட்சியருக்கோ கலெக்டருக்கோ ஒரு மனு. அவர் நேரில் விசாரித்து, கொத்தடிமைதான் என்று கண்டால் விடுதலைச் சான்றிதழ் கொடுப்பார். அந்தக் காகிதம் இருந்தால்தான் மறுவாழ்வுத் தொகை எல்லாம் வரும். ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம் என்று 2016 திட்டத்தில் வைத்தார்கள். அன்றைக்குக் காலையில் உங்கள் கமிட்டிக்காரர் போட்ட அதே போனில் கோட்டாட்சியர் அலுவலக நம்பரைப் போட்டிருந்தால் போதும்.

வடக்குக் கடல்:

ரீச்சர், நான் யாழ்ப்பாணத்துக்காரன், 1991 முதல் நெதர்லாந்தில் இருக்கிறேன். அகதி வழக்கு என் வழக்கே ஐந்து வருஷம் இழுத்தது, ஆகவே வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரியும்.

இங்கே டென்ஹாக்கில் பெத்தேல் என்று ஒரு சிறிய புரொட்டஸ்தாந்துத் தேவாலயம். 2018 ஒக்டோபர் 26ஆம் தேதி, ஏறக்குறைய ஒன்பது வருஷம் இந்த நாட்டில் இருந்த ஓர் ஆர்மீனியக் குடும்பத்தைத் திருப்பி அனுப்பப் பார்த்தபோது, அவர்களை உள்ளே வைத்து ஆராதனையைத் தொடங்கினார்கள். ஆராதனை நடக்கும்போது பொலிஸ் கோயிலுக்குள் வரக்கூடாது என்பது இங்கத்தைச் சட்டம். ஆகவே ஆராதனையை முடிக்கவே இல்லை. இரவும் பகலும், 96 நாட்கள், 2019 ஜனவரி 30 வரை. நாடு முழுவதிலும் இருந்து நூற்றுக்கணக்கான போதகர்மார் முறைவைத்து வந்தார்கள்.

நான் ஒரு டிசம்பர் இரவு 2 மணி முறைக்குப் போனேன். ஏழு பேர் இருந்தோம். வயது போன ஒரு டச்சு அம்மா, பின்னலூசியோடு. போதகருக்குத் தொண்டை கட்டிப்போய், யாராவது வாசியுங்கள் என்று கையைக் காட்டினார். நான் 121ஆம் சங்கீதத்தைத் தமிழில் வாசித்தேன். ஒருவருக்கும் விளங்கவில்லை, ஆனாலும் ஆராதனை அறுந்துபோகாமல் இருந்தது. மேல்மாடியில் அந்தக் குடும்பம் நித்திரை. கோப்பி போடுகிற இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

முடிவில், அவர்களைப் போன்ற சுமார் 700 பிள்ளைகளின் விண்ணப்பங்களை மறுபடி பார்க்க அரசாங்கக் கூட்டணி ஒத்துக்கொண்டது. அதே ஒப்பந்தத்தில், அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்க அனுமதி கொடுக்கிற திட்டத்தையே இனிமேல் இல்லை என்று மூடியும் விட்டார்கள், அதையும் சொல்லவேண்டும். அந்த இரவில் ஒரு விஷயம்தான் எனக்குப் பட்டது. அவர்கள் சட்டத்தை உடைக்கவில்லை. சட்டத்துக்குள்ளே ஒரு கதவு இருந்தது, அதைக் கால் வைத்துத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். தாத்தா சொல்கிற 15ஆம் பிரிவும் அப்படி ஒரு கதவு மாதிரித்தான் தெரிகிறது.

பனங்காட்டு டீச்சர்:

எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதத்தான் நினைத்தேன். ஞாயிறு முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன்.

காம்பவுண்டுச் சுவர் தம்பி, நீங்கள் எழுதினதில் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் பொருளாளரும் உங்களைப் போலத்தான், நாலு பேருக்கு ஓடியாடிச் செய்கிறவர். அதனால்தான் எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

என் அம்மா பிறந்தது முதலூர். மஸ்கோத் அல்வா ஊர் என்றால் இன்றைக்கு எல்லாருக்கும் தெரியும், தேங்காய்ப்பால் ஊற்றிக் கிண்டுகிறது. அந்த ஊருக்கு ஏன் முதலூர் என்று பெயர் என்பது அல்வா வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. வேதத்தை ஏற்றுக்கொண்டதற்காக அடித்து, வீட்டை இடித்து விரட்டப்பட்ட குடும்பங்களைக் குடியேற்ற, 1799இல் தாவீது சுந்தரானந்தம் என்கிற உபதேசியார் நிலம் வாங்கிக் கொடுத்து உண்டாக்கின ஊர் அது. திருநெல்வேலிச் சீமையில் அப்படி எழும்பின முதல் ஊர். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் பழங்கதை என்று காதில் வாங்காமல் இருந்தேன். போன வாரம் ஐயா எழுதின ஒலிமுகவாசலை வாசித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று நினைவுக்கு வந்தது. எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குத் தாய்வழியோ தகப்பன்வழியோ அந்த ஊர்த் தொடர்பு உண்டு.

இன்றைக்கு வகுப்பில் யோர்தானையும் ஆறு புள்ளியையும் மறுபடி வரைந்தேன். பிரதான ஆசாரியரின் தாய்மார் கதையைச் சொன்னேன், ஐயா சொன்ன மாதிரியே சிரித்தார்கள். பிறகு பலகையின் ஓரத்தில் இன்னொரு புள்ளி வைத்து முதலூர் என்று எழுதினேன். அப்புறம் அந்தப் பையனைப் பார்த்து, "அன்னைக்கு நாம செஞ்சது தப்பு. பெரியவங்க பண்ணின தப்பு, அதுல நானும் உண்டு" என்றேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. சமாதானம் ஆகிவிடுவான் என்று நினைத்தேன். அவன், "அவங்க இன்னும் அங்கதான் இருக்காங்க டீச்சர். எங்கப்பா டிராக்டர்ல மண்ணு அடிக்கப் போகையில பாத்தாராம். அந்தப் பிள்ளை நடக்குதாம்" என்றான்.

இரண்டு மாசமாக நான் அதை விசாரிக்கவே இல்லை. அங்கே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

தாத்தா, உங்களிடம் மூன்று கேள்வி. மழை தொடங்கினால் சூளையை மூடிவிடுவார்கள், ஜூன் வந்தால் ஆளே இருக்காது, அதற்குள் ஆகுமா? எனக்கு அவர்கள் பெயர் தெரியாது, அன்றைக்குக் கேட்கக்கூட இல்லை. பெயர் இல்லாமல் மனு வாங்குவார்களா? மனுவில் சபை பெயரைப் போடலாமா, அல்லது நான் தனியாகக் கொடுத்தால் போதுமா? கமிட்டியில் கேட்டால் அடுத்த கூட்டத்தில் வைப்போம் என்பார்கள். அடுத்த கூட்டம் ஜூன் 20.

தாலுகா ஆபீஸ் தாத்தா:

பெயர் வேண்டாம் அம்மா. சூளை எந்த ஊர், எந்தச் சாலை, பக்கத்து அடையாளம், எத்தனை குடும்பம் தங்கியிருக்கிறது என்று எழுதினால் போதும். அந்த ஒரு குடும்பத்தைத் தனியாகக் குறிக்காதீர்கள். யார் சொன்னது என்று அவர்களை மிரட்டுவார்கள், ராத்திரியோடு ராத்திரியாக இடமும் மாற்றிவிடுவார்கள். "இங்கே வேலை செய்யும் எல்லாரையும் விசாரிக்கவேண்டும்" என்று எழுதுங்கள். பையனுடைய அப்பா பெயரும் வேண்டாம், அவர் நாளைக்கும் அங்கே மண் அடிக்கப் போகவேண்டியவர்.

சபை பெயர் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள், கூட்டம் அதிகம் இருக்கும், அங்கே பதிவு போட்டுவிடுங்கள். அதே மனுவின் நகலை எடுத்துக்கொண்டு நேரே கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் போங்கள். அங்கேதான் வேலை நடக்கும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திலும் ஒன்று கொடுத்துவையுங்கள், அவர்கள் காசு வாங்கமாட்டார்கள். தனியாகப் போகாதீர்கள்.

பனங்காட்டு டீச்சர்:

நாளைக்கே போகிறேன் தாத்தா. ஐயரம்மா (எங்கள் குருவானவர் மனைவி) கூட வருகிறேன் என்று இப்போதுதான் போன் பண்ணினார்கள். அவர்கள் வீட்டில் ஐயருக்குச் சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை. காலை 6:20 பஸ்.

தாலுகா ஆபீஸ் தாத்தா:

நல்லது. இரண்டு பிரதி கூடுதலாக எடுத்துப் போங்கள். உங்கள் பிரதியில் தபால் பிரிவில் தேதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். முத்திரை மங்கலாக விழுந்தால் இன்னொரு தடவை போடச் சொல்லுங்கள், முகம் சுளிப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.